ஒரு சொல்லை மட்டும் மறைத்தேன்

கிள்ளானில் ரவிக்கை தைக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்கு ஒருத்தி வாசற்படி ஏறும்போதே அவள் தோள் இத்தனை அங்குலம், இடது கையைவிட வலது கை கொஞ்சம் பருமன் என்று அளவு நாடா இல்லாமலே சொல்லிவிடுவேன். எப்படி முன்னுக்கு வந்தாய் என்று எழுதச் சொல்லிப் பல பேர் கேட்டார்கள். அதற்குத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால், என் கதையிலும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள் அவள். எங்கே போனாலும் முன்வரிசை அவளுக்குத்தான். சரி, அவளையே முதலில் சொல்லித் தொலைக்கிறேன்.

நாங்கள் இருவரும் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ஒரே குழாயடி, ஒரே கஞ்சி. வயதும் ஒன்று, உயரமும் ஒன்று. நிறத்தில் நான்தான் கொஞ்சம் சிவப்பு என்று என் அம்மா சொல்வாள். ஆனால் தோட்டத்துத் துரை ஒருநாள் பால் வெட்டும் பெண்களைப் படம் பிடிக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வரிசையில் நின்ற எங்களில் அவளை மட்டும் ஓர் அடி முன்னால் வரச் சொன்னான். வாளியைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கச் சொன்னான். சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். படத்தில் என் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

அன்றைக்கு அவளுக்குள் ஏதோ புகுந்தது. பிறகு அங்கே இருந்த இரண்டு மூன்று வருஷமும் தோட்டத்தில் கால் தரிக்கவில்லை. சைக்கிளில் சேலை மூட்டை கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருகிற துணிக்கடைக் கணக்கப்பிள்ளை ஒருவனைப் பிடித்துக்கொண்டு, தன்னை வளர்த்த சித்தியையும் இழுத்துக்கொண்டு, கோலாலம்பூருக்கு வந்துவிட்டாள். வந்து சேர்ந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். நான் குடியிருந்த அதே வீட்டில், பக்கத்து அறை.

நான் அவளுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே வந்தவள். அப்பா ரயில்பாதை வேலையில் செத்துப்போனபின் அம்மா பாதிரிமார் வீடு ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தாள். அந்த வீட்டு வெள்ளைக்காரியம்மா தையல் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்குப் போகும்போது தன் பழைய கைமெஷினையும் கொடுத்துவிட்டுப் போனாள். கடைகளுக்கு முன்னால் நடைபாதையாக விட்டிருப்பார்களே, அந்த ஐந்தடியில் ஒரு தூண் ஓரமாக மெஷினைப் போட்டுக்கொண்டேன். ஒரு வருஷத்துக்குள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள், கிராணிமார் என்போம், அவர்கள் வீட்டு அம்மாக்கள் எல்லாம் என்னைக் கூப்பிட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள். என் தையல் அப்படி.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சடக்கில், சீன முதலாளி ஒருவரின் படக்கடை இருந்தது; தவுக்கே என்று கூப்பிடுவோம். கணக்கப்பிள்ளை அவளைப் புதுப் பட்டுச் சேலையில் அங்கே உட்கார வைத்து, தன் முதலாளி கடையில் மாட்டுவதற்கு ஒரு பெரிய படம் எடுத்தான். அதிலிருந்து அவளுக்கு அதுவே பிழைப்பு ஆயிற்று. இப்போது மாடல் என்கிறார்கள். அப்போது அந்தப் பெயர் கிடையாது. சேலைக்கும், சோப்புக் கட்டிக்கும், சுவரில் மாட்டும் நாட்காட்டிக்கும் முகம் கொடுக்கிறவள். நேரில் 'படத்துக்காரம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதை நான் எழுதமாட்டேன். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அவள் படத்துக்கு உட்காரும் ரவிக்கையெல்லாம் நான் தைத்ததுதான். அளவு பார்க்கும்போது அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். நான் வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பிடித்துப் பிடித்துக் குத்துவேன். அந்த நேரம் பார்த்துத்தான் தன் கதையெல்லாம் சொல்லுவாள். என்னால் பதில் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளையை நாலே மாதத்தில் விட்டுவிட்டாள். சைக்கிளோடு நின்றுவிடுகிறவன் என்றாள். அதற்குப் பிறகு நாடகக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் இடத்தில் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த ஒருவன். அவனால் முன்வரிசை நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான் ஒரு செட்டியார் வட்டிக்கடை ஏஜெண்டின் மகன். டிக்கெட் கிழிக்கிறவன் போய் இவன் வந்தான். இவன்தான் அவளை நாட்காட்டிப் படத்துக்குக் கொண்டுபோய் விட்டவன்.

ஒருவன் மேலாவது அவளுக்கு ஆசை இருந்ததா என்றால் இல்லை. ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒருநாள் கேட்டேன், அந்த ஏஜெண்டு மகனைப் பிடித்திருக்கிறதா என்று. யோசித்துப் பார்த்து, "அவங்க வீட்டு முன்வாசல்ல பெரிய கண்ணாடி மாட்டியிருக்காங்கடி. அதுல நான் முழுசா தெரியறேன்" என்றாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

எனக்குப் பொறாமை. மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த ஆண்பிள்ளைகளுக்காக இல்லை. அவர்களில் ஒருவனையும் எனக்குப் பிடிக்காது. எனக்குப் பொறாமை வேறு ஒருவரால்.

படக்கடையில் படத்துக்கு வர்ணம் தீட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அப்போதெல்லாம் படம் கறுப்பும் வெள்ளையுமாகத்தான் வரும். மெல்லிய தூரிகையால் கன்னத்துக்கு ரோஜா நிறம், சேலைக் கரைக்குப் பொன் நிறம், உதட்டுக்குச் சிவப்பு என்று பொறுமையாக அவர்தான் ஏற்றுவார். அடக்கமான மனிதர். விரல் நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். கடையின் திரைச்சீலை, படம் எடுக்க வருகிறவர்கள் இரவல் போட்டுக்கொள்ளும் கோட்டு, இவற்றில் கிழிசல் என்றால் என்னிடம்தான் கொண்டுவருவார். தைத்து முடிகிறவரைக்கும் தூணில் சாய்ந்துகொண்டு நிற்பார். ஒருநாள், "உங்க தையல் படத்துல தெரியாது. ஆனா அந்தப் படம் நிமிர்ந்து நிக்கறதே உங்க தையல்னாலதான்" என்றார். என் வேலையை அதற்கு முன்னால் பாராட்டியவர்கள் உண்டு. பார்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஒரு மாதத்துக்கு அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு மெஷினைச் சுற்றினேன்.

அந்தச் சடக்கில் இருந்த எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கூப்பிடுவாள். நான் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னங்க, இந்தாங்க என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதை அவர் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தவறாமல் ஒன்று கேட்பார். "அவங்க நல்லா இருக்காங்களா?" பக்கத்து அறைக்காரியாயிற்றே நான். நல்லா இருக்காங்க என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார். நாலு வருஷம் இப்படியே போயிற்று.

அவள் ஒவ்வொருவனை விட்டுவிட்டு வந்தபோதும் திரும்பி வந்த இடம் அந்தப் படக்கடை நாற்காலிதான். அவர் மறுபடியும் அவள் கன்னத்துக்கு ரோஜா நிறம் ஏற்றிக்கொண்டு காத்திருப்பார். அவளுக்கு ஒரு நிலையான இடம் அமைந்து அந்த நாற்காலியைவிட்டு ஒரேயடியாக எழுந்தால்தான் அவர் கண் வேறு பக்கம் திரும்பும். இதை நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆகையால் அவளுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டும் என்று என்னைப்போல் வேண்டிக்கொண்டவர்கள் பிரிக்பீல்ட்ஸில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நாட்காட்டிப் படத்தில்தான் அந்த மச்சம் வந்தது. அவள் முகத்தில் மச்சம் கிடையாது. முகம் வெறிச்சென்று இருக்கிறது என்று தவுக்கே சொன்னாராம். உடனே இவர் தூரிகை நுனியால் வலது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தார். ஒரு புள்ளி வைப்பதற்கு அரை நாள் எடுத்துக்கொண்டார் என்று தவுக்கே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். படம் வெளியே வந்தபின், படத்தில் இருப்பதுபோலவே இருக்கவேண்டும் என்று அவள் தினமும் கண்மையால் அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அவர் வைத்த புள்ளியை அவள் கன்னத்தில் சுமந்துகொண்டு திரிவதை நான் நாள்தோறும் பார்த்தேன்.

அந்த நாட்காட்டியைப் பார்த்து வந்தவர்தான் ரயில்வே ஆபீஸின் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல உத்தியோகம், சொந்த மோட்டார் கார். ஏஜெண்டு மகனை விட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். சாயங்காலங்களில் ஏரித்தோட்டத்தைச் சுற்றி வருவார்கள். அவர் பாதி இங்கிலீஷில் பேசுவார். இவள் சிரிப்பாள். அதற்குமேல் இருவருக்கும் இடையில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் முகத்தில் வேறு ஒன்று தெரிந்தது. குவார்ட்டர்ஸில் நாலு படி ஏறிப் போகிற வீடு, ஜன்னலில் லேஸ் திரை, 'மிஸிஸ்' என்று போட்டு வருகிற கடுதாசி. "இதுதான்டி கடைசி. இதுக்குமேல ஏற எனக்கும் தெம்பு இல்ல" என்றாள்.

நல்லது, போய்த் தொலை என்று மனசுக்குள் சொன்னேன்.

சிக்கல் கிராணியாரின் தாயார். மகனுக்குப் பெண் பார்க்க என்றே அந்த அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்திருந்தார். தங்கள் ஊர்ப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் வாசலில் ஏற்றமாட்டார். கிராணியார் ஒரு யோசனை சொன்னார். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வா. அப்பா சிரம்பான் ஆசுபத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசராக இருந்தவர், சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம், தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை என்று சொல். எங்கள் பேச்சில் பேசு. அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த யோசனையைச் சொல்லிவிட்டு அவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். பேச்சை யார் சொல்லிக்கொடுப்பது?

என்னிடம் வந்தாள். நான்தான் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் போய் வருகிறவள். அவர்கள் அடுப்படியான குசினிவரைக்கும் எனக்குத் தெரியும். காது எனக்குக் கூர்மை. பத்து வீட்டு அம்மாக்களின் பேச்சையும் அப்படியே பேசிக் காட்டுவேன். மூன்று வாரம் இருந்தது. மனசாரச் சொல்லிக்கொடுத்தேன், பொய் இல்லை. ஆமா என்று சொல்லாதே, ஓம் என்று சொல். பேசினார் என்று சொல்லாதே, அவர்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது; கதைச்சவர் என்று சொல். சீக்கிரம் இல்லை, கெதியா. அழகு இல்லை, வடிவு. பிறகு என்பதற்குப் பேந்து. அவள் கெட்டிக்காரி, அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படத்துக்கு முகத்தை மாற்றுகிறவளுக்கு நாக்கை மாற்றுவதா கஷ்டம்? மூன்றாவது வாரம் அவள் என்னை, "என்ன பிள்ளை, சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்டபோது எனக்கே ஒரு கிராணியம்மாவின் முன்னால் நிற்பதுபோல் இருந்தது.

இதற்கிடையில் வர்ணம் தீட்டுகிறவர் ஒரு கோட்டோடு வந்தார். கல்யாணப் பேச்சு நடப்பதாக அவர் காதிலும் விழுந்திருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு, "அவங்க ஒரு இடத்துல போய் உக்காந்துட்டா நானும் என் பொழப்பைப் பார்க்கலாம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். நாலு வருஷத்தில் முதல் தடவை என்னை முழுசாகப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

சாப்பாடு வெள்ளிக்கிழமைக்கு. வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்கு வெள்ளை ரவிக்கையின் கடைசி அளவு பார்த்தேன். கழுத்து மூடி, முழங்கைவரைக்கும் கை வைத்து, நல்ல குடும்பத்துப் பெண் போடுகிற மாதிரி. இதைவிட நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை. அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். என் வாயில் ஊசி.

"நாளைக்கு நீயும் என்கூட வரணும்" என்றாள். "தனியாப் போனா நல்லா இருக்காது. சித்தியைக் கூட்டிப்போனா அவ வாயைத் திறந்ததுமே தோட்டம் தெரிஞ்சிடும். நீ வேலைக்காரப் பொண்ணு மாதிரி குடையைப் பிடிச்சுக்கிட்டு வா. குசினிப் பக்கம் உக்காந்துக்க. ஆனா ஒண்ணு, வாயை மட்டும் திறக்காத."

நான் ஊசியைக் குத்திக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் ஆனப்புறம் உன்னையே வீட்டோட வச்சுக்கறேன்டி. இந்த ஐந்தடியில தூசியில உக்காந்து கஷ்டப்பட வேண்டாம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரே குழாயடி, ஒரே கஞ்சி. இந்த ஐந்தடியில் என் மெஷினை நானே போட்டவள். அவளுக்குப் பேச்சும் என்னுடையது, உடுப்பும் என்னுடையது, கன்னத்துப் புள்ளி நான் ஆசைப்பட்டவருடையது. இத்தனையையும் கட்டிக்கொண்டு நாலு படி ஏறி லேஸ் திரைக்குப் பின்னால் போய், என்னைக் குசினியில் உட்கார வைக்கப் போகிறாள்.

ரவிக்கையைக் கழற்றிக் கொடுத்தாள். "இன்னும் ஏதாவது சொல் பாக்கி இருக்கா? யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டாள்.

பாக்கி இருந்தது. கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நமக்கு மச்சம் என்றால் உடம்பில் இருக்கும் புள்ளி. யாழ்ப்பாணத்து வீடுகளில் மச்சம் என்றால் மீன், இறைச்சி. 'இண்டைக்கு மச்சம் இல்லை' என்றால் அன்றைக்குச் சைவச் சாப்பாடு. முதல்தடவை ஒரு கிராணியம்மா என்னைக் கேட்டபோது நானும் ரவிக்கைக் கையைத் தூக்கி முழங்கையில் இருந்த புள்ளியைக் காட்டினேன். அந்த வீட்டில் அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். சாப்பாட்டுக்குப் போகிற இடத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், அந்தச் சொல் வராமல் இருக்காது. எனக்குத் தெரியும்.

"இல்ல. எல்லாம் சொல்லிட்டேன்" என்றேன்.

என் ஆசை நிறைவேறும் வழியை அன்றைக்கு நானே அடைத்தேன். அவள் அந்த வீட்டுக்குப் போனால் அவர் எனக்கு. இது தெரிந்தும் சொல்லவில்லை. பொறாமைக்கு நல்லது கெட்டது பார்க்கிற கண் கிடையாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். தாயார் வாசலுக்கே வந்துவிட்டார். கடுமையான ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. "வாரும் பிள்ளை, இரும். நல்ல வடிவான பிள்ளை" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்தும் ஒரு சிரிப்பு. நான் குசினி வாசலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. கிராணியார் சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார்.

அவள் அருமையாகக் கதைத்தாள். ஐயா டிரெசர், பருத்தித்துறை, சிரம்பான், எல்லாம் தண்ணீர் பட்டபாடு. தாயார் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. என் பேச்சுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கிறதே என்று ஒரு பக்கம் எனக்குப் பெருமை. மறு பக்கம் வயிறு எரிந்தது. தாயார் இலையைப் போட எழுந்தவர், வெள்ளிக்கிழமை விரதம் இந்தப் பெண் வீட்டில் உண்டா என்று தெரிந்துகொள்ள நினைத்துத் திரும்பினார்.

"பிள்ளை, உமக்கு மச்சம் உண்டோ?"

அவள் கை கன்னத்துக்குப் போயிற்று. வெட்கப்பட்டாள். நாட்காட்டிச் சிரிப்பு.

"ஓம் அம்மா. பிறந்ததில இருந்தே இருக்குது."

தாயாருக்கு விளங்கவில்லை. "வெள்ளிக்கிழமையிலயுமோ?" என்று கேட்டார்.

அவளுக்கும் விளங்கவில்லை. ஆனால் படத்துக்கு உட்காருகிறவள் முகத்தைக் கலைக்கமாட்டாள். "ஓம் அம்மா. எல்லா நாளும் இருக்கும். கழுவினாலும் போகாது" என்றாள்.

நான் குசினி வாசலில் இருந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கறியைக் கேக்கறாங்க என்று ஒரு இருமல் இருமியிருந்தாலும் போதும். வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள். நான் திறக்கவில்லை.

மகனுக்குப் புரிந்துவிட்டது. பேப்பருக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய காதல்.

அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்தபோது விரல் நுனியில் மை. தாயார் விரலைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "பிள்ளை, நாங்கள் மச்சம் எண்டு சொல்லுறது மீனை, இறைச்சியை" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "நீர் எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேட்டார். அவள் மை ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். தாயார் இலையைப் போட்டுச் சோறு பரிமாறினார். பசியோடு அனுப்பக்கூடாது என்று எனக்கும் குசினியில் வைத்துப் போட்டார். அவள் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டு முடித்தாள். கிளம்பும்போது தாயார் போட்டு வாரும் என்றார். அது அவர்கள் வீட்டில் விடைகொடுக்கும் பேச்சு. மகன் எழுந்திருக்கவில்லை.

வெயிலில் நடந்தோம். குடையை அவளே வாங்கிக்கொண்டு இரண்டு பேருக்குமாகப் பிடித்தாள். ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "மச்சம்னா மீன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும். நீயும் என்னை மாதிரி தோட்டத்துக் கழுதைதான்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மை கன்னம் பூராவும் பரவியது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். படவில்லை. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

அழுத முகத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். நேரே படக்கடைக்குப் போனாள். அவர் ஒரு ஈரத் துணியால் அவள் கன்னத்தைத் துடைத்ததை எதிர்ச் சடக்கிலிருந்து பார்த்தேன். நாலு வருஷமாக வாய் திறக்காதவர் அன்றைக்கு என்ன சொன்னாரோ. அடுத்த வாரம் அவள் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை.

எட்டு மாதம். சாயங்காலமானால் இரண்டு பேரும் என் தூணைத் தாண்டித்தான் போவார்கள். கார் இல்லை, சைக்கிள்கூட இல்லை, நடைதான். அவர் நகத்து நிறத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு சட்டை தைக்கச் சொல்லி அவளே துணி கொண்டுவந்தாள். தைத்துக் கொடுத்தேன். தோள் அளவை நான் எடுக்கவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரியும். இந்த எட்டு மாதத்தில் நான் தைத்த அளவு வேறு யாரும் தைத்திருக்க முடியாது. தலை நிமிர்ந்தால் அவர்கள் தெரிவார்கள் என்று தலையைக் குனிந்தே தைத்தேன். என் தொழில் உயர்ந்தது, பின்னால் கிள்ளானில் கடை வைத்தது, எல்லாம் அப்படித்தான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவளுக்கு அவர்மேலும் ஆசை இல்லை என்பது எனக்கு மூன்றாம் மாதமே தெரிந்தது. அளவு கொடுக்க நின்றபோது அவரைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லை. கதை இல்லாத இடத்தில் அவள் நிற்கமாட்டாள். சிங்கப்பூரிலிருந்து கார் விற்க வந்த ஒருவன் தவுக்கேயிடம் விளம்பரப் படம் எடுக்கச் சொன்னான், காரின் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்குகிற மாதிரி. இறங்குகிற மாதிரி நின்றவள் ஏறிப் போய்விட்டாள். சித்திக்குக்கூடச் சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவர் என் தூணுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. தோளில் மாட்டும் பட்டை அறுந்திருந்தது. தைத்துத் தரச் சொன்னார். எங்கே பயணம் என்று கேட்டேன். சிங்கப்பூர் என்றார். அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. படக்கடை படக்கடையாகத் தேடினால் கிடைப்பாள் என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவரை நோகடிக்க வேண்டும் என்றே சொன்னேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும், தெரிந்தேதான் மறைத்தேன், இல்லாவிட்டால் அவள் இந்நேரம் கிராணி வீட்டில் இருப்பாள், உங்களிடம் வந்திருக்கவே மாட்டாள் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் என்னைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைத்தார் என்று ஆகுமே.

அவர் அறுந்த பட்டையை விரலில் சுற்றினார்.

"அப்ப அந்த எட்டு மாசம் நீங்க குடுத்ததுதானா" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

பையை வாங்கிப் பட்டையை இரட்டை மடிப்பாக மடித்து, குறுக்கே நாலு வரிசை ஓட்டி, கையாலும் ஒரு தையல் போட்டேன். பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. காசை நீட்டினார், நான் வாங்கவில்லை. "ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலத்துக்குள் கொடுக்கவேண்டிய ரவிக்கை ஒன்று மெஷினில் இருந்தது. அதை எடுத்துத் தைத்து, மடித்து, கிராணியம்மா ஒருவருக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் திரும்பி வந்தது. வலது கையை இடப்பக்கமும் இடது கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்திருந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் கை மாற்றித் தைத்தது அந்த ஒன்றுதான். பிரித்துத் திருப்பித் தைக்க அன்றைக்கு மத்தியானம்வரை ஆயிற்று.